றாத்தல், பேர்ச், அரை இன்ச், கிலோ: கொழும்பில அளவு பற்றி அடிக்கடி கேக்கிற கேள்விகள்

பழைய சோனகத் தெருவில ஒரு ஹார்ட்வெயார் கடைக் கவுண்டர்ல நிக்கிற ஆள் நான். ஒருத்தர் அரை இன்ச் பைப் கேப்பார், அடுத்தவர் அதையே 20 எம்எம் எண்டு கேப்பார், மூண்டாவது ஆள் உடைஞ்ச துண்டைக் கொண்டுவந்து மேசையில வச்சிட்டு "இதில ஒண்டு தாங்கோ" எண்டுவார், உண்மையில அவர்தான் புத்திசாலி. வீட்டுக்குப் போனா சொந்தக்காரரிட்ட இருந்து பேர்ச், பவுண், காய்ச்சல் எண்டு வேற கேள்வியள். திரும்பத் திரும்ப ஒரே பதிலைச் சொல்லிக் களைச்சுப் போனதால எல்லாத்தையும் இதில எழுதிப் போடுறன், ஒழுங்கு வரிசை ஒண்டும் பாக்காதேங்கோ.

இலங்கை எப்ப மெட்ரிக்குக்கு மாறினது?

சட்டப்படி பாத்தா 1974ல, நிறுவை அளவைச் சட்டத்தைத் திருத்தி எஸ்ஐ எண்டு சொல்லுற உலகப் பொது மெட்ரிக் அலகுகளைக் கொண்டுவந்தாங்க. அதுக்குப் பிறகு 1995ம் ஆண்டின் 35ம் இலக்கச் சட்டம் வந்தது, இப்ப ஹோமாகமயில இருக்கிற அளவீட்டு அலகுகள் நியமங்கள் சேவைகள் திணைக்களம் அந்தச் சட்டப்படிதான் இயங்குது. ஆனா சட்டம் வந்த அண்டைக்கே கடைக்காரர் றாத்தல் படிக்கல்லைத் தூக்கி எறிஞ்சிட்டார் எண்டு நினைக்காதேங்கோ, எழுபதுகளின் கடைசியும் எண்பதுகளின் தொடக்கமும் முழுக்க ரெண்டும் கலந்துதான் ஓடினது, அந்த நேரம் சின்னப் பிள்ளையா இருந்த ஆக்கள் பள்ளிக்கூடத்தில கிலோகிராம் படிச்சிட்டு வீட்டுக்கு வந்து றாத்தல்ல சீனி வாங்கினவை.

ஏன் மாறினது எண்டு கேட்டா, எங்களுக்கு அந்த அளவுகளைத் தந்த வெள்ளைக்காரனே 1965ல தான் மாறப்போறன் எண்டு அறிவிச்சிட்டான், பக்கத்தில இந்தியா 1956ல சட்டம் போட்டு 1962க்குள்ள கிலோவையும் மீற்றரையும் கட்டாயமாக்கிட்டுது, அவுஸ்திரேலியாவும் 1970ல தொடங்கிட்டுது. யப்பானில இருந்து வாற மெஷினும் வாகனமும் எல்லாம் மில்லிமீற்றர். சுத்தியிருக்கிற எல்லாரும் ஒரு கணக்கில சாமான் விக்கேக்க நாங்கள் மட்டும் 16 அவுன்ஸ் ஒரு றாத்தல், 112 றாத்தல் ஒரு அந்தர், 20 அந்தர் ஒரு தொன் எண்டு கணக்குப் பாத்துக்கொண்டிருக்க ஏலாது.

இதில ஒரு விசித்திரம் என்னெண்டா, காசு விஷயத்தில நாங்கள் இந்தியாவுக்கும் பிரிட்டனுக்கும் முன்னாலேயே தசமத்துக்குப் போயிட்டம். ஒரு ரூபா 100 சதம் எண்டது இலங்கையில 1872லயே வந்திட்டுது. இந்தியாவில 1957 வரைக்கும் அணா, பிரிட்டனில 1971 வரைக்கும் ஷில்லிங் பென்ஸ். காசைப் பத்துப் பத்தா எண்ணப் பழகின சனம் சாமானை மட்டும் இன்னும் நூறு வருசம் பதினாறு பதினாறா எண்ணிக்கொண்டு இருந்திருக்கு.

அப்ப காணி மட்டும் ஏன் இன்னும் பேர்ச்சில விக்கிறாங்க?

அதிகம் கேக்கிற கேள்வி இதுதான். ஒரு பேர்ச் எண்டா பதினாறரை அடிக்குப் பதினாறரை அடி சதுரம், அதாவது 272.25 சதுர அடி, மெட்ரிக்கில 25.29 சதுர மீற்றர். 40 பேர்ச் ஒரு றூட், 4 றூட் ஒரு ஏக்கர், ஆக ஏக்கருக்கு 160 பேர்ச். இந்தப் பதினாறரை அடி எங்கயிருந்து வந்தது எண்டா நில அளவையாளர் இழுத்துத் திரிஞ்ச சங்கிலியில இருந்து, 66 அடி நீளம், 100 கண்ணி, அதில கால்வாசிதான் பதினாறரை அடி.

இப்ப உங்கட உறுதியை எடுத்துப் பாருங்கோ. விஸ்தீரணம் ஏக்கர், றூட், பேர்ச் எண்டு மூண்டு பகுதியா எழுதியிருக்கும், வெள்ளவத்தைப் பக்கத்துக் காணி எண்டா முதல் ரெண்டும் சைபராத்தான் இருக்கும், மூண்டாவது மட்டும் 8.75 எண்டோ 10.50 எண்டோ இருக்கும். அந்த உறுதிக்கு முந்தின உறுதியிலும் அப்பிடித்தான், அதுக்கும் முந்தினதிலும் அப்பிடித்தான். நொத்தாரிசு தலைமுறை தலைமுறையா இருக்கிற விபரத்தைப் பாத்து எழுதுறவர், அவர் திடீரெண்டு ஹெக்டேயரில மாத்தி எழுதப் போனா பழையதும் புதுசும் ஒரே காணிதானா எண்டு ஒருத்தன் வழக்குப் போடுவான். கொழும்புக் காணியில ஒரு பேர்ச்சின்ர விலை என்ன எண்டு தெரியும்தானே, கால் பேர்ச் வித்தியாசம் வந்தாலே சகோதரங்கள் முகம் பாத்துக் கதைக்க மாட்டுதுகள்.

காணிச் சொத்துரிமையைப் பதிவு செய்யிற 1998ம் ஆண்டின் 21ம் இலக்கச் சட்டம், அதுதான் பிம்சவிய எண்டு சொல்லுறது, அதுக்குக் கீழ வாற வரைபடத்தில எல்லாம் ஹெக்டேயர்தான். 10 பேர்ச் அதில 0.0253 ஹெக்டேயர் எண்டு வரும். அந்தக் கடதாசியைக் கையில வாங்கின வயசான ஆக்கள் "என்ர காணியைச் சுருக்கிப் போட்டாங்களே" எண்டு பதறினா குறை சொல்ல ஏலாது, சைபர் புள்ளி சைபர் எண்டு தொடங்கிற ஒரு சொத்தை ஆர் விரும்புவான்.

கட்டட அனுமதிப் பக்கமும் அப்பிடித்தான், நகர அபிவிருத்தி அதிகாரசபையின்ர விதியில ஒரு துண்டு குறைஞ்சது 150 சதுர மீற்றர் இருக்கோணும், சனம் அதை 6 பேர்ச் எண்டுதான் சொல்லும். 6 பேர்ச் 151.8 வரும், சரி. ஆனா உங்கட துண்டு 5.9 பேர்ச் எண்டா 149.2, அப்ப அலுவலகத்தில பிரச்சினை. இந்த மாதிரி விளிம்பில நிக்கிற காணிக்கு பேர்ச் கணக்கை நம்பாமல் நில அளவையாளரிட்ட சதுர மீற்றரில கேளுங்கோ.

யாழ்ப்பாணத்தில காணி வச்சிருக்கிற ஆக்களுக்கு: குடியிருப்புக் காணி எண்டா ஒரு பரப்பு 10 பேர்ச், 16 பரப்பு ஒரு ஏக்கர். ஊர்ல 4 பரப்பு வித்துக் கொழும்பில 4 பேர்ச் வாங்கேலாது எண்டு ஒரு மாமா அடிக்கடி சொல்லுவார், கணக்குத் தெரிஞ்சா அந்தப் பகிடி கூடக் கொஞ்சம் வலிக்கும்.

ஒரு றாத்தல் பாண் உண்மையா ஒரு றாத்தலா?

ஒரு றாத்தல் 453.6 கிராம். பாணுக்கு உரிய நிறை 450 கிராம், அரை றாத்தலுக்கு 225. 2024 பெப்ரவரியில நுகர்வோர் அதிகாரசபை வர்த்தமானி போட்டு இதைத் திரும்பவும் இறுக்கினது, 450ல 13.5 கிராம் வரைக்கும் குறையலாம், 225ல 9 கிராம் வரைக்கும் குறையலாம், அதுக்கு மேல குறைஞ்சா குற்றம். அப்ப 436.5 கிராமுக்குக் கீழ நிக்கிற பாண் றாத்தல் பாண் இல்லை. எங்கட பக்கத்துப் பேக்கரி ஒண்டில வாங்கினதை வீட்டுத் தராசில வச்சா 390 காட்டினது, கேட்டா "சூட்டில தண்ணி வத்திப்போச்சு அண்ணை" எண்டு பதில்.

சனம் சொல்லுற பேர் பழசு, சட்டம் பாக்கிற எண் புதுசு. பேர் பழசா இருக்கிறதில ஒரு பிழையும் இல்லை, ஆனா முறைப்பாடு செய்யேக்க கிராமில சொல்லுங்கோ, நுகர்வோர் அதிகாரசபையின்ர 1977 எண்ட தொலைபேசி இலக்கத்துக்கு அடிச்சு "றாத்தல் குறையுது" எண்டு சொல்லுறதுக்கும் "400 கிராம்தான் இருக்கு" எண்டு சொல்லுறதுக்கும் வித்தியாசம் இருக்கு.

அரை இன்ச் பைப்பும் 20 எம்எம் பைப்பும் ஒண்டா? அரை இன்ச் எண்டா 12.7 எம்எம் எல்லோ வரோணும்?

பிவிசியில ஒண்டுதான். இதை ஒருக்கா வடிவா விளங்கிக்கொண்டா பிறகு கடையில தடுமாற மாட்டீங்கள். இன்ச்சில சொல்லுறது பைப்பின்ர உள்விட்டத்தை, அதுவும் கிட்டத்தட்ட, பழைய இரும்புப் பைப் காலத்து உள்விட்டத்தை. மெட்ரிக்கில சொல்லுறது வெளிவிட்டத்தை, அது உண்மையான அளவு, கலிப்பரை வச்சா அந்த எண் வரும். அதால அரை இன்ச் 20, முக்கால் இன்ச் 25, ஒரு இன்ச் 32, ஒண்டேகால் 40, ஒண்டரை 50, ரெண்டு இன்ச் 63, மூண்டு 90, நாலு இன்ச் 110. பெருக்கிப் பாத்து மாத்தப் போகாதேங்கோ, இது பெருக்கல் கணக்கில்லை, மனப்பாடம் பண்ணுற சோடி.

இதில இன்னொரு வேடிக்கை, பைப்பில பூட்டுற டப் இருக்கே, அதின்ர திரெட் உலகம் முழுக்க இன்னும் இன்ச்தான். அரை இன்ச் திரெட் எண்டு சொல்லுற அந்தப் புரியின்ர வெளிவிட்டத்தை அளந்தா 20.955 எம்எம், ஒரு இன்ச்சுக்கு 14 புரி. அரை இன்ச் எண்டு பேர் வச்ச சாமானில எந்த இடத்தை அளந்தாலும் அரை இன்ச் வராது. சீனாவில செஞ்ச டப், இத்தாலியில செஞ்ச டப், இங்க செஞ்ச டப் எல்லாம் ஒண்டுக்கொண்டு பூட்டுப்படுறதுக்குக் காரணம் எல்லாரும் அந்தப் பழைய பிரிட்டிஷ் புரியைக் கைவிடாமல் வச்சிருக்கிறதுதான், யேர்மனியே மாத்தேல்லை. அதால பிளம்பர் பாஸ் "பைப் 20 எம்எம், வால்வ் சொக்கட் அரை இன்ச்" எண்டு எழுதித் தந்தா அவருக்கு விசர் எண்டு நினைக்காதேங்கோ, அவர் சரியாத்தான் எழுதியிருக்கிறார்.

2 அடி டைல்ஸ் 250 வாங்கினன், ஆயிரம் சதுர அடிக்குக் காணாமல் போச்சு, கடைக்காரன் ஏமாத்திட்டானா?

இல்லை, ரெண்டு அடி எண்ட பேர்தான் ஏமாத்தினது. பெட்டியில என்ன போட்டிருக்கு எண்டு பாருங்கோ, 600க்கு 600 எண்டு இருக்கும். உண்மையான ரெண்டு அடி 609.6 எம்எம். ஒரு டைல்ஸில 9.6 எம்எம் தானே எண்டு விட்டா, பத்து டைல்ஸ் வரிசையா வைக்கேக்க 96 எம்எம் குறையும், கிட்டத்தட்ட நாலு இன்ச், சுவரோரத்தில ஒரு கீலம் வெட்டி ஒட்டவேண்டி வரும், அது எப்பவும் கதவடியில கண்ணுக்குத் தெரியிற இடத்திலதான் வந்து நிக்கும்.

ஆயிரம் சதுர அடி எண்டா 92.9 சதுர மீற்றர். ஒரு டைல்ஸ் 0.36 சதுர மீற்றர். வகுத்தா 258க்கு மேல வருது, அதாவது 259. நீங்கள் நாலு சதுர அடியால வகுத்து 250 எண்டு வாங்கினீங்கள், வெட்டுச் சேதம் பாக்காமலே ஒன்பது குறையுது. பிறகு திரும்பி வந்து கேட்டா அதே லொட் இருக்காது, நிறம் ஒரு பொட்டு மாறியிருக்கும். அறையின்ர நீள அகலத்தை மீற்றரில அளந்து பெருக்கி 0.36ஆல வகுங்கோ, வெட்டுச் சேதத்துக்குக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கோ, மூலையாப் பதிக்கிறதெண்டா இன்னும் கூட.

பிளைவூட்டில இந்தக் கரைச்சல் இல்லை, எட்டுக்கு நாலு எண்டு சொல்லுறது 2440க்கு 1220, அது பழைய அளவை விட ஒண்டரை எம்எம் கூடத்தான்.

மணல் ஒரு கியூப் எண்டா எவ்வளவு? ஒரு கன மீற்றரா?

இல்லவே இல்லை. எங்கட ஊர்க் கியூப் 100 கன அடி, 2.83 கன மீற்றர். இஞ்சினியர் தந்த அளவுப் பட்டியல்ல மணல் 6 கன மீற்றர் எண்டு இருந்தா ரெண்டு கியூபும் கொஞ்சமும், 6 கியூப் இல்லை. வெளிநாட்டில இருந்து வந்து வீடு கட்டுற ஆக்கள் இதில நல்லா மாட்டுப்படுறவை.

லொறிக்காரன் சொல்லுறதை நம்பாட்டி ஏறிப் பெட்டியை அளவுங்கோ, உள்பக்கம் 10 அடி நீளம், 5 அடி அகலம், 2 அடி உயரத்துக்கு மட்டமா மணல் நிண்டா சரியா ஒரு கியூப். ஈர மணலா எண்டும் பாருங்கோ, ஈரம் இருந்தா ஊதி நிக்கும், அளவில நிரப்பினமாதிரித் தெரியும்.

சீமெந்து மட்டும் இங்க முழுசா மெட்ரிக், 50 கிலோ பை. முந்தின காலத்து ஒரு அந்தர் 112 றாத்தல், அது 50.8 கிலோ, அதால பை மாறின நேரம் கூலிக்காரற்ற தோளுக்கே வித்தியாசம் தெரிஞ்சிருக்காது. ஆனா கலவை போடேக்க ஒண்டுக்கு ரெண்டுக்கு நாலு எண்டு பெட்டிக் கணக்கு, பெட்டி அடியில. ஒரே சாந்துக் குவியலுக்குள்ள கிலோவும் அடியும் கலந்து கிடக்கு, வீடு நிக்குதுதானே.

பெயின்ட் ஒரு கேலன், தேங்காயெண்ணெய் ஒரு போத்தல், இதெல்லாம் எவ்வளவு?

பழைய கேலன் 4.546 லீட்டர். இப்ப கேலன் எண்டு கேட்டா தாறது 4 லீட்டர் வாளி, நூற்றுக்கு 12 குறைவு, அப்பா காலத்தில "இந்தச் சுவருக்கு ரெண்டு கேலன் போதும்" எண்டது இப்ப காணாமல் போறது அதாலயும்தான்.

போத்தல் எண்டா 750 மில்லி. அரைப் போத்தல் 375. முழுப் போத்தல் பழைய கேலனில ஆறில ஒண்டு, கணக்குப் பாத்தா 758 வரும், அதை 750 எண்டு வெட்டிக்கொண்டாங்க. கடையில பக்கத்தில பக்கத்தில 750 மில்லியும் ஒரு லீட்டரும் இருந்தா விலையை மட்டும் பாத்து எடுக்காதேங்கோ, அவ்வளவுதான்.

தங்கம் உலகச் சந்தையில அவுன்ஸ், செட்டியார் தெருவில பவுண், பில்லில கிராம். எது எவ்வளவு?

இங்க ஒரு பவுண் 8 கிராம் எண்டு எடுக்கிறது. உண்மையான பழைய தங்கப் பவுண் காசு 7.988 கிராம், அது 22 கரட். தங்கத்துக்குச் சொல்லுற அவுன்ஸ் சமையல் அவுன்ஸ் இல்லை, ட்ரோய் அவுன்ஸ், 31.1035 கிராம், மற்றது 28.35 தான். அதால உலக விலையைப் பாத்துக் கணக்குப் போடுறதெண்டா டொலரை ரூபாவாக்கி, 31.1035ஆல வகுத்து, 8ஆல பெருக்கினா 24 கரட் ஒரு பவுண். 22 கரட்டுக்கு அதை 22ஆல பெருக்கி 24ஆல வகுக்கோணும். இதுக்கு மேல வரியும் கூலியும் சேதாரமும் வரும், அது கடைக்குக் கடை வேற, சேதாரம் எத்தினை கிராமுக்குப் போட்டிருக்கு எண்டு பில்லில தனியா எழுதித் தரச் சொல்லுங்கோ.

பவுண் கணக்கு போகாது. கலியாணப் பேச்சில "நாப்பது கிராம் போடுறம்" எண்டு ஒருத்தரும் சொல்ல மாட்டினம், ஐஞ்சு பவுண் எண்டாத்தான் அது பேச்சு.

ஆறு யார் சேலை எண்டு சொல்லிட்டு ஐஞ்சரை மீற்றர் தாறாங்களே?

ஒரு யார் 0.9144 மீற்றர், ஆறு யார் 5.49. சரியாத்தான் தாறாங்க. புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில துணி வெட்டிறது மீற்றரில, சட்டைத் துணி தையல்காரர் யாரில சொன்னா பத்தில ஒரு பங்கைக் குறைச்சு மீற்றர் கேளுங்கோ, போதும்.

காய்ச்சல் 38 எண்டா பயப்பிடோணுமா? அம்மா 100 எண்டாத்தான் காய்ச்சல் எண்டுறா.

ரெண்டு பேரும் ஒண்டைத்தான் சொல்லுறீங்கள், 38 செல்சியஸ் எண்டா 100.4 பரனைட். 39 எண்டா 102.2, 40 எண்டா 104. டெங்கு காலத்தில எத்தினை டிகிரி எண்டதை விட எத்தினையாவது நாள் எண்டதையும் வைத்தியர் கேப்பார், எழுதி வையுங்கோ, எந்த அலகு எண்டதையும் பக்கத்தில எழுதுங்கோ.

பிள்ளையின்ர நிறை மட்டும் எப்பவும் கிலோவில சொல்லுங்கோ. மருந்து அளவைக் கிலோவுக்கு இத்தினை மில்லிகிராம் எண்டுதான் கணக்குப் பாக்கிறது, ஒரு கிலோ 2.2 றாத்தல், 22 றாத்தல் பிள்ளையை 22 எண்டு மட்டும் சொன்னா மருந்து ரெண்டு மடங்காப் போயிடும். பாணி மருந்து ஒரு தேக்கரண்டி எண்டா 5 மில்லி, வீட்டுக் கரண்டி ஒவ்வொண்டும் ஒவ்வொரு அளவு, மருந்துப் போத்தலோட வாற மூடியையே பாவியுங்கோ.

ஒண்டு கவனிச்சிருப்பீங்கள், பிள்ளை பிறந்தா எல்லாரும் "ரெண்டே முக்கால் கிலோ" எண்டுறம், ஏனெண்டா கிளினிக்கில தாற வளர்ச்சிப் புத்தகத்தில கிலோ, 2.5க்குக் கீழ போனா நிறை குறைவு எண்டு எல்லாத் தாய்மாருக்கும் தெரியும். அதே பிள்ளை வளர்ந்து மாப்பிள்ளையாகிற நேரம் "ஐஞ்சடி எட்டு இன்ச்" எண்டுறம். வளர்ந்த ஆளின்ர உயரத்தை ஆரும் புத்தகம் போட்டு அளக்கிறேல்லை, அதால அது மாறேல்லை.

லண்டன்ல மகளுக்கு சுகர் 7 எண்டுறாள், எனக்கு 126. எனக்கு அவ்வளவு கூடவா?

ரெண்டும் ஒண்டு. இங்க இரத்தச் சீனியை டெசிலீட்டருக்கு மில்லிகிராமில பாக்கிறது, அங்க லீட்டருக்கு மில்லிமோலில. 18ஆல பெருக்கினா அங்கத்தையது இங்கத்தையதாகும், 7 பெருக்கல் 18, 126. இங்க இது ரெண்டுமே மெட்ரிக்தான் எண்டது வேற கதை, மெட்ரிக்குக்கு மாறினா எல்லாருக்கும் ஒரே எண் வந்திடும் எண்டு நினைக்கக் கூடாது. வெறும் வயித்தில 126 நீரிழிவு எண்டு சொல்லுற கோடு, அதால அம்மாவும் மகளும் ரெண்டு பேரும் வைத்தியரிட்டப் போங்கோ.

காஸ் சிலிண்டர் லீட்டரிலா கிலோவிலா?

கிலோவில பாருங்கோ, எப்பவும். 2021ல வழமையான 12.5 கிலோவுக்குப் பதிலா 18 லீட்டர் எண்டு ஒரு சிலிண்டர் சந்தைக்கு வந்து பெரிய சத்தமாப் போச்சு, உள்ள இருந்தது 9.18 கிலோ. திரவ காஸ் ஒரு லீட்டர் அரைக் கிலோ அளவுதான் நிறை, அதால 12.5ஐ விட 18 பெரிசு எண்டு நினைச்சு வாங்கினா சமையல் இடையில நிண்டுபோம். லீட்டரும் கிலோவும் ரெண்டும் நல்ல மெட்ரிக் அலகு, ஆனா அலகை மாத்தி எழுதிறதே ஒரு வித்தை.

பழைய மொரிஸ் மைனருக்கு மில்லிமீற்றர் ஸ்பானர் பாவிக்கலாமா?

சிலதுக்கு ஏலும், கனக்கத்துக்கு ஏலாது. முக்கால் இன்ச் 19.05, அதுக்கு 19 ஸ்பானர் மட்டுமட்டாப் போகும். பதினாறில ஐஞ்சு 7.94, 8 நல்லா இருக்கும். அரை இன்ச் 12.7, 13 போட்டா போற மாதிரிப் போய் இறுக்கேக்க மூலையை வழிச்சுப் போடும், பிறகு அந்த நட்டுக்கு ஒரு ஸ்பானரும் உதவாது. பதினாறில ஒன்பது 14.29, அதுக்கு 14 ஏறாது 15 ஆடும். பஞ்சிகாவத்தையில தேடினா பழைய இன்ச் செட் கிடைக்கும், வாங்கி வையுங்கோ.

புரி அதை விடக் கள்ளம். 8 எம்எம் போல்ட்டை பதினாறில ஐஞ்சு நட்டுக்குள்ள விட்டா ஒரு சுத்து ரெண்டு சுத்து போகும், விட்டம் கிட்டத்தட்ட ஒண்டுதானே, பிறகு இறுகி நிக்கும், ஏனெண்டா புரி இடைவெளி வேற. "கொஞ்சம் எண்ணெய் போட்டு இறுக்கினா போகும்" எண்டு சொல்லுற ஆளை வாகனத்துக்குக் கிட்ட விடாதேங்கோ.

வயர் 7/029 கேட்டா கடையில 7/0.67 தாறாங்களே, பிழையா?

பழைய வீட்டு வரைபடத்தில இருக்கிற 7/029 எண்டா ஏழு கம்பி, ஒவ்வொண்டும் 0.029 இன்ச். 7/0.67 எண்டா அதே ஏழு கம்பி, ஒவ்வொண்டும் 0.67 எம்எம். பழையதின்ர குறுக்குவெட்டு ஏறக்குறைய 3 சதுர எம்எம், புதுசு 2.5. அதால அதே வயர் இல்லை, ஒரு பொட்டு மெல்லிசு. லைட்டுக்குப் போற 1/044 மட்டும் 1/1.13ஓட கிட்டத்தட்ட ஒத்துப்போகுது, ரெண்டும் ஒரு சதுர எம்எம் அளவு. பழைய வீட்டில பாதி லைனை மட்டும் புதுசாக்கிறதெண்டா பிரேக்கர் எத்தினை அம்பியர் எண்டதை எலெக்ட்ரீஷியன் புது வயருக்கு ஏற்றமாதிரிப் பாக்கோணும், பழைய எண்ணைப் பாத்து விடக் கூடாது.

மைல் முழுசாப் போயிட்டுதா?

றோட்டில போயிட்டுது. வேக எல்லை ஊருக்குள்ள 50, வெளியில 70, அதிவேகப் பாதையில 100, எல்லாம் கிலோமீற்றர். கொள்ளுப்பிட்டியில மைல் போஸ்ட் அவெனியூ எண்டு தெருப் பேர் மட்டும் இருக்கு. பெற்றோலும் அப்பிடித்தான், 2022ல கியூஆர் கோட்டோட வரிசையில நிக்கேக்க மோட்டார்சைக்கிளுக்கு 4 லீட்டர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20 எண்டுதான் தந்தாங்க, அந்த வரிசையில நிண்ட ஒருத்தரும் அது எத்தினை கேலன் எண்டு யோசிச்சிருக்க மாட்டினம்.

ரயில் பாதை ரெண்டு தண்டவாளத்துக்கும் இடையில 1676 எம்எம் எண்டு எழுதுவாங்க. அது 5 அடி 6 இன்ச். இரும்பை ஆர் அசைக்கிறது, எண்ணை மட்டும் மாத்தி எழுதினாங்க. என்னைக் கேட்டா இந்த முழுக் கதையும் அதுதான், தராசில நிறுக்கிறதும் மீற்றரில ஓடுறதும் ஒரு தலைமுறையில மாறிட்டுது, மண்ணில புதைஞ்சதும் உறுதியில எழுதினதும் மாறேல்லை.

ஒரு அலகு மாறினா என்ன பெரிசா நடந்திடும்?

கனடாவில இருக்கிற ஆக்களுக்கு இது தெரிஞ்சிருக்கும். 1983 ஜூலையில எயார் கனடாவின்ர போயிங் 767 ஒண்டு மொன்றியலில இருந்து எட்மன்டனுக்குப் போகேக்க நடுவானில எரிபொருள் முடிஞ்சு இரண்டு எஞ்சினும் நிண்டுபோச்சு. நாடு மெட்ரிக்குக்கு மாறிக்கொண்டிருந்த நேரம், அந்த விமானம் கிலோவில கணக்குப் பாக்கிற புது ரகம். லீட்டரை நிறையாக்க 0.8ஆல பெருக்கவேண்டிய இடத்தில பழக்கத்தில இருந்த 1.77ஆல பெருக்கினாங்க, அது றாத்தலுக்கு உரிய எண். ஆக இருக்கவேண்டிய எரிபொருளில பாதிக்கும் குறைவாத்தான் இருந்தது. கிம்லி எண்ட இடத்தில இருந்த பழைய விமானப்படை ஓடுபாதையில எஞ்சின் இல்லாமலே இறக்கினாங்க, ஒரு உயிரும் போகேல்லை, விமானி கிளைடர் ஓடத் தெரிஞ்ச ஆள் எண்டதால தப்பினது.

தராசில சந்தேகம் எண்டா என்ன செய்யிறது?

தராசில வருசா வருசம் முத்திரை இருக்கோணும், முத்திரை இல்லாத தராசில வியாபாரம் செய்யிறதே குற்றம். டிஜிட்டல் தராசெண்டா சாமான் வைக்க முன்னம் சைபரில நிக்குதா எண்டு பாருங்கோ, மீன்காரர் தட்டில ஏற்கனவே தண்ணியும் பொலித்தீனும் வச்சிட்டு நிறுப்பார். கால் கிலோ கேட்டா 250 காட்டோணும்.

வீட்டு வேலைக்கு அளவு நாடா வாங்கினா எந்தப் பக்கத்தைப் பாவிக்கிறது?

ரெண்டு பக்கமும் உள்ளதை வாங்குங்கோ, மேல இன்ச், கீழ மில்லிமீற்றர். மரவேலை பாஸ் நூல் கணக்கில கதைப்பார், ஒரு நூல் எண்டா இன்ச்சில எட்டில ஒண்டு, 3.2 எம்எம், அவரோட இன்ச்சிலயே கதையுங்கோ, அவரை இடையில மாத்த வெளிக்கிட்டா கதவு கோணும். அலுமினியம், கண்ணாடி, பன்ட்ரி கபேர்ட் செய்யிற ஆக்களுக்கு எம்எம் மட்டும் குடுங்கோ, அதுவும் சென்ரிமீற்றர் வேண்டாம், 60 எண்டு எழுதினா ஒருத்தர் சென்ரிமீற்றர் எண்டும் மற்றவர் இன்ச் எண்டும் எடுப்பார், 600 எண்டு எழுதினா ஒருத்தரும் இன்ச் எண்டு எடுக்க மாட்டினம். அளக்கிறதும் வெட்டுறதும் ஒரே நாடாவால எண்டாச் சரி, நாடாவின்ர கொக்கி கொஞ்சம் ஆடும், அது பழுதில்லை, உள்ளுக்க அளக்கிறதுக்கும் வெளியில அளக்கிறதுக்கும் அந்தத் தகட்டுத் தடிப்பைச் சரிக்கட்டத்தான் அப்பிடி வச்சிருக்கு, ஆடுது எண்டு கொண்டுவந்து மாத்தித் தரச் சொல்லாதேங்கோ.